விண்வெளி வியாபார கேம்: மட்டக்களப்பில் இருந்துகொண்டு எதை எடுப்பது?

தங்கச்சியின் மகன் உயர்தரப் பரீட்சை முடிந்த மறுநாளே ஆரையம்பதியிலிருந்து லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "மாமா, கப்பல் வாங்கி, சாமான் ஏத்தி, கிரகம் கிரகமா வித்து, மறுகா கொள்ளைக்காரனோட சண்டை பிடிக்கிற கேம் ஒண்டு வேணும். எதை எடுக்க?" அதே கிழமை கல்முனையில் வங்கியில் வேலை செய்யும் கூட்டாளி ஒருவரும் இதையே கேட்டார். அவரிடம் நல்ல கணினி இருக்கிறது, நேரம்தான் இல்லை. ஏறாவூரில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர், வீட்டில் ஒரே கணினி, பிள்ளைகள் இரண்டு பேர், எதை நம்பிப் போட்டுக்கொடுப்பது என்று எழுதியிருந்தார்.

மூன்று பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியவில்லை. யூடியூபில் இருக்கும் ஒப்பீடுகள் எல்லாம் கரண்ட் போகாத, டேட்டா முடியாத ஊர்களில் இருந்து பேசுகின்றன. எங்கள் ஊர் நிலைமையை வைத்துப் பார்த்தால் வரிசை மாறிவிடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

## இந்த வகைக் கேமின் உயிர் எது?

வாவியின் இரண்டு கரையும் தெரிந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. படுவான்கரையில் நெல்லும் தயிரும் மலிவு. எழுவான்கரையில் உடுப்பும் இரும்புச் சாமானும் மலிவு. ஒரு கரையில் வாங்கி மறுகரையில் விற்று, திரும்பும்போது வெறுமனே வராமல் அங்கே கிடைப்பதை ஏற்றிக்கொண்டு வந்தால் இரண்டு பக்கமும் லாபம். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் (ஆட்களையும் சாமானையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை) போனவர்களுக்குத் தெரியும், ஒரு பாதை தாங்கும் பாரத்துக்கு அளவு உண்டு. அந்த அளவுக்குள் எதை ஏற்றுவது என்பதில்தான் வியாபாரியின் கெட்டித்தனம் இருக்கிறது. வழியில் கொள்ளைக்காரன் ஒருவன் காத்து நிற்கிறான் என்பதையும் சேர்த்துக்கொண்டால் அதுதான் எலைட்.

எலைட் 1984இல் வந்தது. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இருவர் பிபிசி மைக்ரோ என்ற கணினிக்காக எழுதியது. அந்தக் கணினியின் நினைவகம் 32 கிலோபைட். வட்ஸ்அப்பில் வரும் ஒரு படம்கூட இன்று அதைவிடப் பெரிது. அதற்குள் 8 கலக்சிகள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். அவற்றின் பெயரையோ இடத்தையோ எங்கும் எழுதி வைக்கவில்லை. சில எண்களை விதையாக வைத்து, தேவைப்படும்போது கணக்குப் போட்டு முளைக்கவைத்தார்கள். விளையாடுபவரின் கையில் 100 கிரெடிட் பணமும் ஒரு கோப்ரா மார்க் 3 கப்பலும் கொடுத்து விட்டுவிடுவார்கள். இதைச் செய், அங்கே போ என்று சொல்லும் கதை கிடையாது. கீழே வரும் அத்தனை கேம்களுக்கும் அது பாட்டன்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது?

கரண்ட் போனால், லைன் அறுந்தால் என்ன நடக்கும்? இதைத்தான் நான் முதலாவதாக வைக்கிறேன். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்போது அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் கார்த்திகை, மார்கழி மாரியில் இடி முழங்கும்போது நாங்களே வயரைக் கழற்றிவிடுகிறோம். எந்த நிமிடத்திலும் நிறுத்தக்கூடியதா, நிறுத்தினால் எவ்வளவு இழப்பு என்று பாருங்கள். இணையம் இல்லாவிட்டால் கதவே திறக்காத கேம்களும் உண்டு.

கணினி என்ன வகை? 4 ஜிபி ராம், தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் இல்லை என்றால் பட்டியல் அந்த இடத்திலேயே பாதியாகிவிடும்.

டேட்டா. தரவிறக்கும் அளவை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். இதன் பிறகு வரும் அப்டேட்டுகள்தான் மாதாமாதம் தின்னும். எனக்கு ஒருமுறை இது நடந்தது. இரவு டேட்டாவில் முடிந்துவிடும் என்று நினைத்துப் பெரிய கேம் ஒன்றைப் போட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்தும் அது ஓடிக்கொண்டிருந்தது. பகல் டேட்டாவும் தீர்ந்து, மாத முடிவுவரை வீட்டில் ஒருவருக்கும் வீடியோ அழைப்பு எடுக்க முடியவில்லை. கேம் விற்கும் தளமான ஸ்டீமிலேயே, அப்டேட்டுகள் இறங்கும் நேரத்தையாவது வரையறுத்து வைக்கலாம் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. செட்டிங்கில் டவுன்லோட் பகுதியில் இருக்கிறது, முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

பணம். ஸ்டீம் எங்களுக்கு டொலரில்தான் விலை காட்டுகிறது. டொலரை 300 ரூபாய் அளவில் வைத்துக் கணக்குப் பாருங்கள். அதற்குமேல் வங்கி எடுக்கும் கட்டணம் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குக் கார்டைத் திறந்துவிடும்படி வங்கியிடம் கேட்க வேண்டியும் வரலாம். மாதச் சந்தா என்றால் ஒரு மாதக் காசைப் பார்க்காமல் ஒரு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

நேரம். முதல் சந்தோஷம் வருவதற்கு எத்தனை மணித்தியாலம் படிக்க வேண்டும்?

கடைசியாக, உங்கள் மனம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். விலைப் பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போடுவதில் உங்களுக்கு இன்பமா, எதிரியின் பின்னால் வளைந்து வளைந்து போவதிலா? இரண்டும் சமமாகப் பிடித்தவர்களை நான் அதிகம் காணவில்லை. மொழி விஷயத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: இவற்றில் எதுவும் தமிழில் இல்லை, ஆங்கிலம் வாசிக்க வேண்டும்.

## ஒரு பார்வையில்

| கேம் | பணம் | கணினி | இணையம் | வியாபாரம் | சண்டை |
|---|---|---|---|---|---|
| ஊலைட் | இலவசம் | பழையது போதும் | தேவையில்லை | எளிமை, தெளிவு | நல்ல சவால் |
| எண்ட்லெஸ் ஸ்கை | இலவசம் | மிகப் பழையதும் போதும் | தேவையில்லை | நல்லது | மேலிருந்து பார்க்கும் சண்டை |
| எலைட் டேஞ்சரஸ் | ஒருமுறை | தனிக் கார்ட் வேண்டும் | எப்போதும் வேண்டும் | நல்லது | மிகச் சிறப்பு |
| ஈவ் ஆன்லைன் | இலவசமாகத் தொடங்கலாம், பிறகு சந்தா | நடுத்தரம் | எப்போதும் வேண்டும் | இதை மிஞ்ச ஒன்றுமில்லை | கூட்டமாக |
| எக்ஸ்4 | ஒருமுறை, மேலதிகப் பகுதிகள் தனி விலை | பலமானது | தேவையில்லை | மிக ஆழம் | சுமார் |
| நோ மேன்ஸ் ஸ்கை | ஒருமுறை | தனிக் கார்ட் வேண்டும் | தேவையில்லை | மேலோட்டம் | மேலோட்டம் |

## ஊலைட்

பழைய எலைட்டின் மேல் ஆசை வைத்த ஆட்கள் அதை இன்றைய கணினிகளுக்காகத் திரும்பக் கட்டியெழுப்பியது. திறந்த மூலம் (நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம்), முழுவதும் இலவசம். விண்டோஸிலும் லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும். இங்கேயும் அதே 100 கிரெடிட், அதே கோப்ரா மார்க் 3, அதே லேவ் என்ற கிரகம்.

லேவ் பணக்கார விவசாய உலகம். பக்கத்தில் ஸாவோன்ஸ் என்று ஒரு தொழிற்சாலை உலகம் இருக்கிறது. லேவில் உணவும் மதுவும் மலிவு, ஸாவோன்ஸில் கணினியும் இயந்திரமும் மலிவு. கப்பலில் 20 டன் ஏற்றலாம். ஆனால் 100 கிரெடிட்டுக்கு விலை கூடிய சாமான் எதுவும் போதிய அளவு வாங்க முடியாது. ஆகவே முதல் நாலைந்து பயணம் உணவுதான். 400 கிரெடிட் சேர்ந்ததும் சரக்கறையைப் பெருப்பித்து 35 டன்னாக்கலாம். அங்கிருந்துதான் காசு காசாகத் தெரியும். படுவான்கரைக் கணக்கு அப்படியே இங்கே வேலை செய்கிறது.

எல்லாருக்கும் முதலில் தடைபோடுவது நிலையத்துக்குள் நுழைவது. நிலையம் கிரகத்துக்கு மேலே தன்பாட்டில் சுழன்றுகொண்டே இருக்கும். கிரகத்தைப் பார்த்த பக்கத்தில் ஒரு நீட்டுப் பிளவு, அதுதான் வாசல். கிரகத்துக்கும் நிலையத்துக்கும் நடுவில் போய் நின்று, மூக்கை நேரே வாசலுக்குத் திருப்பி, பிறகு நிலையம் எந்த வேகத்தில் சுழல்கிறதோ அதே வேகத்தில் கப்பலையும் உருட்ட வேண்டும். சரியாக ஒத்துவந்தால் பிளவு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும், சுற்றியுள்ள விண்மீன்கள்தான் சுழலும். அந்த நிமிடத்தில் மெதுவாக உள்ளே விட வேண்டும். மருமகன் முதல் நாள் பதினொரு முறை மோதி வெடித்தான். பன்னிரண்டாவது முறை உள்ளே போனபோது அவன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். 1500 கிரெடிட் கொடுத்தால் தானே கொண்டுபோய் உள்ளே விடும் கருவி கிடைக்கும். ஆனால் அந்தப் பன்னிரண்டாவது முறையை யாரும் தவறவிடக்கூடாது என்பது என் எண்ணம்.

இலவசம் என்றாலும் விலை கொடுக்க வேண்டிய இடங்கள் உண்டு. நிலையத்துக்குள் நிற்கும்போதுதான் சேமிக்க முடியும். நடு வழியில் கரண்ட் போனால் அந்தப் பயணம் போனதுதான். லெப்டொப்பில் பற்றரி நல்ல நிலையில் இருந்தால் பயமில்லை, மேசைக் கணினியில் யூபிஎஸ் இல்லாதவர்களுக்கு இது வயிற்றெரிச்சல். பயணமும் நீளம். ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குக் குதித்து வெளியே வந்தால் கிரகம் தூரத்தில் ஒரு புள்ளி. வேக இயந்திரத்தைப் போட்டு ஓடலாம், ஆனால் பக்கத்தில் இன்னொரு கப்பல் வந்தால் அது நின்றுவிடும். கொள்ளைக்காரர்கள் பிடிப்பது அந்த இடத்தில்தான். அரசாங்கம் ஒழுங்காக உள்ள உலகங்களுக்குப் போனால் கரைச்சல் குறைவு, ரீட்க்வாட் மாதிரி அரசே இல்லாத இடங்களில் வரிசையாக வருவார்கள். எலைட் என்ற கடைசிப் பட்டத்துக்கு 6400 கப்பல்களை வீழ்த்த வேண்டும், அது ஆண்டுக்கணக்கான வேலை.

பெற்றோர் அறிய வேண்டியது: சந்தைப் பட்டியலில் போதைப்பொருளும் அடிமைகளும்கூடச் சரக்காக வரும். அவை சட்டவிரோதம், ஏற்றினால் பொலிஸ் துரத்தும். ஆனாலும் பட்டியலில் இருக்கின்றன. பிள்ளையோடு ஒருமுறை இருந்து பேசிவிட்டுக் கொடுங்கள்.

எப்போது இதை எடுக்கலாம்: கப்பலைத் தன் கையால் ஓட்டுவதுதான் ஆசை, கையில் காசு இல்லை, லெப்டொப் பழசு என்றால்.

## எண்ட்லெஸ் ஸ்கை

இதுவும் இலவசம், திறந்த மூலம். மைக்கேல் ஸானைசர் என்பவர் தொடங்கியது, 2015இல் ஸ்டீமில் வந்தது. கப்பலுக்குள் இருந்து பார்ப்பதில்லை, மேலேயிருந்து பார்க்கிறோம், வாவியில் ஓடும் தோணியைப் பாலத்தில் நின்று பார்ப்பதுபோல. நாலு அம்புக்குறி விசைகளும் இன்னும் சில விசைகளும் தெரிந்தால் போதும். அதனால் இது படத்தில் ஏழையாகத் தெரியும். இரண்டு நாள் விளையாடிவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது.

இதில் என்னைக் கட்டிப்போட்டது தொடக்கம். உங்களிடம் காசு இல்லை. வங்கியில் கடன் எடுத்துத்தான் முதல் கப்பலே வாங்குகிறீர்கள். மூன்றில் ஒன்று எடுக்கலாம்: ஆட்களை ஏற்றும் ஷட்டில், சரக்கு ஏற்றும் ஸ்டார் பார்ஜ், சண்டைக்கான ஸ்பரோ. ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குக் குதித்தால் ஒரு நாள் கழிந்துவிடும். ஒவ்வொரு நாளும் கடன் தவணை போகும், மாலுமிகளின் சம்பளம் போகும். சும்மா சுற்றினால் கை வெறுமையாகும். தவணையின் கனம் எங்கள் பகுதியில் எந்த வீட்டுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கனத்தை இந்தக் கேம் நேர்மையாகக் காட்டுகிறது. கடைசித் தவணை கட்டி முடித்த அன்று எனக்குக் கிடைத்த நிம்மதி, பெரிய பெரிய கேம்களில் ராட்சதக் கப்பலை வீழ்த்தியும் கிடைக்கவில்லை.

புதியவர்கள் ஸ்பரோவைத்தான் எடுப்பார்கள், சண்டைக் கப்பல் என்ற பெயருக்காக. எடுக்காதீர்கள். அதில் சரக்குக்கும் இடமில்லை, ஆட்களுக்கும் இடமில்லை, கொள்ளைக்காரனை வெல்லும் பலமும் இல்லை. ஷட்டிலை எடுத்து ஆட்களை ஏற்றி இறக்குங்கள், கிடைக்கும் இடத்தில் கொஞ்சம் சரக்கும் போடுங்கள். உணவு, உடுப்பு, மருந்து, உலோகம் என்று பத்து வகைச் சரக்குத்தான். எந்த உலகில் என்ன விலை என்பதை வரைபடத்தில் நிறத்தால் காட்டும். பிறகு ஒரு கப்பல் பலவாகும், எதிரியின் கப்பலை முடக்கி உள்ளே ஏறிக் கைப்பற்றவும் முடியும். அரசுக்கும் பிரிந்துபோகும் உலகங்களுக்கும் இடையிலான போர் ஒன்று கதையாக ஓடுகிறது. அதில் சேர்வதும் சேராமல் வியாபாரம் பார்ப்பதும் உங்கள் விருப்பம்.

கிரகத்தில் இறங்கி ஏறும்போது தானாகவே சேமித்துவிடும். ஒரு பயணம் சில நிமிடங்கள்தான். கரண்ட் போனால் போவது அந்தச் சில நிமிடங்கள் மட்டும். 2022இல் இரவுகளில் லெப்டொப் பற்றரியில் நான் விளையாடியது இதைத்தான், விசிறியும் சத்தம் போடாது, சூடும் ஏறாது. மறைந்திருக்கும் செலவு என்றால் வாசிப்பு. வேலைகள், கதை எல்லாம் எழுத்தில்தான் வரும். ஆங்கிலம் தடுமாறுபவருக்கு முதல் கிழமை கஷ்டம்.

எப்போது இதை எடுக்கலாம்: மேலே சொன்ன எல்லா அளவுகோலிலும் நீங்கள் பலவீனமான பக்கத்தில் இருந்தால். உண்மையைச் சொன்னால், எங்கள் பகுதியில் கேட்கும் பத்துப் பேரில் ஆறு ஏழு பேருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லுவேன்.

## எலைட் டேஞ்சரஸ்

அதே டேவிட் பிரேபன், முப்பது வருடம் கழித்து, தன் ஃப்ரொண்டியர் நிறுவனத்தின் மூலம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. பால்வீதி மண்டலத்தை அதன் உண்மை அளவிலேயே உள்ளே வைத்திருக்கிறார்கள், 40,000 கோடி விண்மீன் தொகுதிகள். கப்பலுக்குள் இருந்து கேட்கும் சத்தம், நட்சத்திரத்தின் பக்கத்தில் போய் எரிபொருள் அள்ளும்போது கண்ணாடி முழுக்க நிறையும் வெளிச்சம், இதையெல்லாம் வேறு எந்தக் கேமிலும் நான் இப்படி உணரவில்லை. சண்டையும் அப்படித்தான். எதிரியின் இயந்திரத்தை மட்டும் குறிவைப்பது, மின்சாரத்தை ஆயுதத்துக்கா கவசத்துக்கா ஓட்டத்துக்கா கொடுப்பது என்று ஒவ்வொரு விநாடியும் முடிவெடுக்க வேண்டும்.

ஆனால் எங்கள் ஊருக்குப் பெரிய இடைஞ்சல் ஒன்று. தனியாக விளையாடினாலும் இணையம் வேண்டும். இணையமில்லாமல் விளையாடும் வசதி வரும் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். வெளியிடுவதற்கு ஒரு மாதம் முன்பு கைவிட்டார்கள், அதற்காக அப்போது பலர் கோபப்பட்டார்கள். விளையாடும்போது போகும் டேட்டா பெரிதில்லை, போன் ஹொட்ஸ்பொட்டில்கூட ஓடும். தரவிறக்கும்போதுதான் பத்துக் கணக்கான ஜிபி. லைன் அறுந்தால் கப்பலுக்குச் சேதமில்லை, திரும்பி வரும்போது ஏறக்குறைய விட்ட இடத்தில் நிற்பீர்கள். ஆனால் மற்ற ஆட்களோடு ஓப்பன் முறையில் சண்டை நடக்கும்போது அறுந்தால், தோற்கப் பயந்து வேண்டுமென்றே ஓடியதாகத்தான் எதிராளி நினைப்பார். மாரியில் தனியாக விளையாடும் சோலோ முறையிலேயே விளையாடுங்கள்.

இரண்டாவது மறைந்த செலவு காப்புறுதி. கப்பல் அழிந்தால் அதன் விலையில் 5 சதவீதம் கட்டித்தான் திரும்பப் பெற வேண்டும், ஏற்றிய சரக்கு திரும்பி வராது. புதிய ஆட்கள் கையில் உள்ள கடைசிக் காசுக்கும் பெரிய கப்பலை வாங்கி, அடுத்த பயணத்திலேயே கொள்ளைக்காரனிடம் மாட்டி, காப்புறுதி கட்ட வழியில்லாமல் தொடக்கக் கப்பலுக்கே வந்துவிடுவார்கள். மூன்று தடவைக்காவது கட்டக் காசு கையில் இல்லாமல் புதுக் கப்பல் வாங்கக்கூடாது.

மூன்றாவது நேரம். அல்ஃபா சென்டாரியில் ஹட்டன் ஓர்பிட்டல் என்று ஒரு நிலையம் இருக்கிறது. நீங்கள் வந்து சேரும் இடத்திலிருந்து அது 0.22 ஒளியாண்டு. சாதாரண இயந்திரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நேர்கோட்டில் பறக்க வேண்டும். அங்கே சரக்குக் கொண்டுபோகும் வேலைக்கு நல்ல காசு தருவார்கள். தூரத்தைப் பார்க்காமல் ஒப்புக்கொண்டால் இரவே போய்விடும். எந்த வேலையை ஏற்பதற்கு முன்பும் நிலையம் எத்தனை ஒளிவிநாடி தூரம் என்று பாருங்கள்.

எரிபொருள் தீர்ந்து நடு வெளியில் நின்றுவிட்டால் ஃப்யூவல் ராட்ஸ் என்று விளையாடுபவர்களே நடத்தும் ஒரு கூட்டம் தேடி வந்து எரிபொருள் தருவார்கள், ஒரு காசு வாங்காமல். முன்பின் தெரியாத ஒருவர் அரை உலகத்துக்கு அப்பாலிருந்து வந்து உதவுவதை ஒருமுறை அனுபவித்தவர்கள் இந்தக் கேமை லேசில் விடமாட்டார்கள்.

எப்போது இதை எடுக்கலாம்: நம்பக்கூடிய லைனும் தனிக் கிராஃபிக்ஸ் கார்டும் இருந்து, கப்பல் ஓட்டும் அனுபவமே முதன்மை என்றால். முழு விலை கொடுக்க வேண்டாம், ஸ்டீமில் அடிக்கடி பெரிய தள்ளுபடி வரும்.

## ஈவ் ஆன்லைன்

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் தொடங்கியது. சீனாவுக்கு மட்டும் தனி, மற்றபடி உலகம் ஒன்றே ஒன்று, எல்லோரும் அதற்குள்தான். நீங்கள் வாங்கும் கப்பலை யாரோ ஒருவர் எங்கோ தாது தோண்டி, உருக்கி, கட்டி விற்றிருப்பார். ஜிட்டா என்ற இடத்துச் சந்தை, வெள்ளாப்புக்கு வியாபாரிகள் சாமானைப் பரப்பிய பெரிய சந்தை மாதிரி எப்போதும் நெரிசல். இந்தப் பொருளாதாரத்தைக் கவனிக்க நிறுவனம் 2007இல் ஒரு பொருளியல் நிபுணரையே வேலைக்கு எடுத்தது. வியாபாரம்தான் உங்கள் உயிர் என்றால் இதைவிட மேலான இடம் இல்லை.

சர்வர் விநாடிக்கு ஒருமுறைதான் கணக்குப் பார்க்கும். ஆகவே மெதுவான லைன் பெரிய குறையில்லை. 2016 நவம்பரிலிருந்து ஆல்ஃபா என்ற இலவச நிலையிலும் விளையாடலாம். ஆனால் அதில் ஒரு எல்லைக்கு மேல் திறமை வளராது. முழுச் சந்தா மாதம் 20 டொலர், வருடத்துக்கு எங்கள் காசில் 70,000 ரூபாய்க்கு மேல். யோசித்துச் செய்யுங்கள்.

இன்னும் கனமான செலவுகள் வேறு. இங்கே கப்பல் போனால் போனதுதான். காப்புறுதி ஒரு பகுதியைத்தான் தரும். 2014 ஜனவரியில் நடந்த ஒரு சண்டை 21 மணித்தியாலம் ஓடியது, டைட்டன் என்ற மிகப் பெரிய கப்பல்கள் 75 அழிந்தன, உண்மைக் காசில் 3 லட்சம் டொலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். சந்தையில் ஏமாற்றுபவர்களும் உண்டு, அதைப் பெரும்பாலும் கேமின் விதியே அனுமதிக்கிறது. ஒரு பூச்சியம் கூட்டி விலை போட்டு வைத்திருப்பார்கள். ஐரோப்பிய ஆட்கள் கூடும் நேரம் எங்களுக்கு நடுச்சாமம், நித்திரை கெடும். தினமும் சர்வரை நிறுத்தித் தொடங்குவது எங்கள் நேரம் பின்னேரம் நாலரைக்கு, ரியூஷன் முடிந்து வரும் பிள்ளை உட்காரும் நேரம். முன்பின் தெரியாதவர்களோடு பேசும் இடம் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு நான் சொல்லமாட்டேன்.

எப்போது இதை எடுக்கலாம்: கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து ஒன்றாக இறங்கினால். தனியே போனால் சீக்கிரம் சலித்துவிடும்.

## எக்ஸ்4

ஜெர்மனியின் ஈகோசொஃப்ட் நிறுவனம், 2018 நவம்பர். ஒரு கப்பலில் தொடங்கி, ஆட்களை வேலைக்கு எடுத்து, சுரங்கக் கப்பல்கள், தொழிற்சாலைகள், கடற்படை என்று ஒரு சாம்ராச்சியமே கட்டலாம். இங்கே ஒரு கப்பல் கட்டப்பட வேண்டுமென்றால் அதற்குரிய பாகங்கள் உண்மையில் எங்கோ செய்யப்பட்டு வந்து சேர வேண்டும். ஒரு பாகத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் போரே நின்றுவிடும். அந்தத் தட்டுப்பாட்டைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு தொழிற்சாலை போடுபவர்தான் பணக்காரர்.

இணையம் வேண்டாம், நினைத்த இடத்தில் சேமிக்கலாம், நிறுத்திவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கலாம். ஆனால் பலமான கணினி வேண்டும், 16 ஜிபி ராம் இல்லாமல் நான் சொல்லமாட்டேன். முதல் இருபது மணித்தியாலம் படிப்புத்தான். மேலதிகப் பகுதிகளை எல்லாம் சேர்த்தால் விலை கேமின் விலையைத் தாண்டும், முதலில் அடிப்படைக் கேமை மட்டும் எடுங்கள்.

## நோ மேன்ஸ் ஸ்கை

2016 ஆகஸ்டில் வந்தபோது சொன்னதில் பாதி உள்ளே இல்லை என்று திட்டு வாங்கியது. செய்த ஹலோ கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் ஓடி ஒளியவில்லை, வருடக்கணக்காக இலவசமாகவே கூட்டிக் கூட்டி இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தது. அதற்காகவே அவர்கள் மேல் எனக்கு மரியாதை. கிரகத்தில் இறங்கி நடக்கலாம், வீடு கட்டலாம், விலங்குகளைப் பார்க்கலாம். வியாபாரமும் சண்டையும் தொட்டுக்கொள்ள மட்டும்தான். இணையமில்லாமல் ஓடும். கப்பலை விட்டு இறங்கியதும் சேமித்துவிடும். சுற்றிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குச் சரி.

ஸ்டார் சிட்டிசனைப் பற்றியும் கேட்கிறார்கள். 2012இலிருந்து மக்களிடம் 70 கோடி டொலருக்கு மேல் திரட்டியும் இன்னும் முடிக்கவில்லை. எங்கள் கணினிக்கும் எங்கள் டேட்டாவுக்கும் அது இப்போது வேண்டாம்.

## மூன்று பேரும் எடுத்தது

கல்முனைக் கூட்டாளிக்கு முதலில் ஈவ் ஆசை. வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் படுக்கவைத்தால் பத்து மணி, அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம்தான். நடுவில் பிள்ளை எழும்பினால் விட்டுவிட்டு ஓட வேண்டும். எக்ஸ்4 எடுக்கச் சொன்னேன். விலைப்பட்டியலும் உற்பத்திக் கணக்கும் அவருக்கு வேலையிலேயே கைவந்த கலை. நிறுத்திவைக்கும் விசை ஒன்றுக்காகவே அது அவருக்குப் பொருத்தம்.

ஆசிரியைக்கு எண்ட்லெஸ் ஸ்கை. இரண்டு பிள்ளைகளும் வேறு வேறு பெயரில் தனித்தனி மாலுமியாகத் தொடங்கலாம், ஒருவருடையதை மற்றவர் கெடுக்க முடியாது. கடனைச் சீக்கிரம் கட்டுவது யார் என்று போட்டி நடப்பதாகவும், மூத்தவள் தவணைக் கணக்கைக் கொப்பியில் எழுதி வைப்பதாகவும் பிறகு சொன்னார்.

மருமகன் எலைட் டேஞ்சரஸ்தான் வேண்டும் என்று நின்றான். 4 ஜிபி ராம், பழைய லெப்டொப், வீட்டில் போன் டேட்டா மட்டும். அன்று ஊலைட்டைப் போட்டுக்கொடுத்தேன். மூன்று மாதம் விளையாடு, அதற்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் கணினி பற்றிப் பேசலாம் என்றேன். இப்போது சரக்கறை 35 டன். லேவுக்கும் ஸாவோன்ஸுக்கும் இடையில் ஓடி 700 கிரெடிட் சேர்த்திருக்கிறான். இன்று காலை செய்தி அனுப்பியிருந்தான்: "மாமா, ஏவுகணையைத் தடுக்கிற ஈசிஎம் 600தானே, இப்பவே வாங்கவா? இல்லாட்டி 1500 சேர்த்து டொக்கிங் கருவி எடுக்கவா?"

ஈசிஎம்தான் என்று எழுதினேன். வாசலுக்குள் நுழைய அவனுக்கு இப்போது கை வந்துவிட்டது.